நாற்பத்தொரு கைநாட்டுகள்

கோட்டார்
4 ஜூன் 2025

ராகேல் அக்காவுக்கு,

எட்டு நாளாக எழுத நினைத்து இன்றுதான் முடிந்தது. பிள்ளை மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். எழுந்துவிட்டால் பாதியில் நிற்கும், கோபிக்க வேண்டாம்.

போனில் பதினோரு தடவை கூப்பிட்டேன். நேற்று முதல் மணிகூட அடிக்கவில்லை. "உங்க நம்பரை பிளாக் பண்ணிட்டாவ" என்று அபினா சொன்னாள். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி, இதிலெல்லாம் கெட்டி. சரி, தபாலை யாரும் பிளாக் பண்ண முடியாதல்லவா.

போன செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டுக் குழுவோடு உங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தேன். என் முகத்தை நேராகப் பார்த்து, "மேடம், நீங்களும் டீம்ல உள்ளவியளா?" என்று கேட்டீர்கள். மேடம்! ஒன்பது மாதத்துக்கு முன் அதே கட்டிடத்தில் ரத்தம் நிற்காமல் நான் கண் செருகிக் கிடந்தபோது, "ஏட்டி, உறங்காத, என்னையப் பாரு" என்று கன்னத்தில் அறைந்தவர் நீங்கள்.

திரும்பும்போது ஜீப்பில்தான் புரிந்தது. எனக்காகத்தான் தெரியாதவர்போல் இருந்தீர்கள். தலைப்பிரசவத்துக்கு அருமனையில் உம்மா வீட்டுக்கு வந்து, அங்கேதான் பெற்றேன் என்பதைக் குழுத் தலைவி பெமிலா மேடத்திடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் நிலையத்துக்கு என்னை அனுப்பியிருக்க மாட்டார். ஆறு மாத ஒப்பந்த வேலை. ஒரு ஊரை வேண்டாம் என்றால் அடுத்த ஊரும் கிடைக்காதோ என்ற பயம்.

வேலை இதுதான்: மாவட்டத்தில் பதினெட்டு நிலையங்களில் பாலினச் சமத்துவக் கொள்கை எந்த அளவுக்கு நடக்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும். பெண் ஊழியருக்குத் தனிக் கழிப்பறை உண்டா, புகார்க் குழு உண்டா, பாலூட்டும் அறை உண்டா. உங்களிடத்தில் பாலூட்டும் அறை என்று பலகை இருக்கிறது. உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை. எனக்கு மார்பு கட்டிப்போய், கழிப்பறையில் நின்று பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டு வந்து, "பாலூட்டும் அறை: உண்டு" என்று குறித்தேன். பலகை இருந்தால் "உண்டு" என்றுதான் போட வேண்டுமாம்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

மதிப்பெண்ணில் இருபது, "ஆண்களின் பங்கேற்பு" என்ற தலைப்புக்கு. கருத்தடைப் படிவங்களில் எத்தனை கணவன்மார் ஒப்பம் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் போடுவது. உங்கள் நிலையத்தில் நாற்பத்தொரு படிவம். நாற்பத்தொன்றிலும் உண்டு. ஆனால் எல்லாம் கைநாட்டு. எழுத்தறிவுக்குப் பேர்போன இந்த மாவட்டத்தில், அக்கா! அதில் ஒருவர் பாலிடெக்னிக் வாத்தியார்.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ரேகைக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, சாய்வாக. உங்களுக்கு எட்டு வயதில் ரப்பர் பால் வெட்டும் கத்தி இறங்கிய கோடு. பிரசவத்தன்று இரண்டு மணி நேரம் அந்தப் பெருவிரலைத்தான் நான் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

இருபத்தேழாவது படிவம் என்னுடையது. காப்பர் டி. கணவர் ஷஹீர். அன்றைக்கு அவர் சவூதியில், தம்மாமில் இருந்தார். மூன்று வருடத்துக்கு அடுத்த பிள்ளை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதை நான் போனில் சொன்னபோது, "நான் வந்த பொறவு பேசலாம், இப்ப ஒண்ணும் வேண்டாம்" என்றார். உங்களிடம் அழுதேன். "நான் பாத்துக்கிடுதேன்" என்றீர்கள். எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது வசதியாக இருந்தது.

அவருக்கோ என் மாமியார் சைனப் மாமிக்கோ இன்றுவரை தெரியாது. நான் என்ன செய்யட்டும்?

ஹஸீபா


அருமனை
9 ஜூன்

ஹஸீபா,

நிலையத்து விலாசத்துக்கா கடிதம் போடுவது? உறைக்கு வெளியே உன் பெயரும் ஊரும் வேறு. நம்ம ஆயாம்மா விக்டோரியா பார்த்து எடுத்து மடியில் செருகியதால் பிழைத்தேன். இனி வீட்டு விலாசத்துக்கு எழுது. போனைத் தடுத்தது வேண்டுமென்றுதான். போனில் பேசியது எங்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்.

கேட்டதற்குப் பதில்: ஆமாம். நாற்பத்தொன்றும் எனக்க விரல்தான்.

பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், புருஷன் ஒப்பம் தேவையில்லை என்பதுதான் விதி. நாகர்கோவிலில் பயிற்சி வைத்துச் சொன்னார்கள், நோட்டில் எழுதிக்கொண்டு வந்து செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு வருகிற டாக்டரிடம் காட்டினேன். "சிஸ்டர், நாளைக்கு அவன் நாலு பேரைக் கூட்டிட்டு வந்தா எனக்க சட்டையைத்தான் பிடிப்பான். விதி சட்டை போட்டிருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மலையில், அணைக்கு மேலிருந்து ஒருத்தி வருவாள். நாலு பிள்ளை. இரண்டு பஸ் மாறி வந்து, புருஷன் வரவில்லை என்பதற்காக இரண்டு தடவை திரும்பிப் போனாள். மூன்றாம் தடவை வந்தது ஐந்தாவது பிரசவத்துக்கு. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "சிஸ்டர், இந்தத் தடவையாவது" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கு மை டப்பாவைத் திறந்தேன். அதுதான் முதல் படிவம்.

ஏன் கைநாட்டு என்று கேட்பாய். கையெழுத்தை ஒத்துப் பார்ப்பார்கள், விரலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். தோட்டத்துச் சம்பளச் சீட்டு முதல் எனக்க கல்யாணப் பதிவு வரைக்கும் எங்கப்பா கைநாட்டுதான் வைத்தார். ஆம்பளை என்றால் பெருவிரலை உருட்டுவான் என்று எனக்க மனதில் பதிந்து கிடக்கிறது போல. பாலிடெக்னிக் வாத்தியாருக்கு அது சேராது என்று தோன்றவே இல்லை, பார்.

அணைக்கு மேலிருந்து வந்தவள் திரும்பிப் போன இரண்டு தடவைக்கு உன் தாளில் ஒரு கட்டம் உண்டா? இருந்தால் அதை நிரப்பு. இல்லையென்றால் உன் இருபது மார்க்கைப் போட்டுவிட்டுப் போ. என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்காதே. நான் எனக்கு முடிந்ததைச் செய்தேன்.

பிள்ளைக்குப் பல் முளைத்தாச்சா?

ராகேல்


கோட்டார்
18 ஜூன்

அக்கா,

இந்தக் கடிதமும் தாமதம்தான். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பிள்ளைக்கு இரண்டு பல். கடிக்கிறாள்.

நீங்கள் சொன்னபடி மார்க்கைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். போட்டும்விட்டேன். இருபதுக்கு இருபது. பதினெட்டு நிலையங்களில் உங்களுடையது முதலிடம். "ஆண்கள் பங்கேற்பு நூறு சதவீதம்" என்று பெமிலா மேடம் பச்சை மையில் வட்டமிட்டு, முன்மாதிரி நிலையமாக அறிவிக்கப் பரிந்துரை எழுதச் சொன்னார்.

அதற்குள் திங்கள்கிழமை வந்தது. கலெக்டர் அலுவலக மனு நாளில் ஒருவர் மனுக் கொடுத்து, அதன் நகல் எங்களிடம் வந்தது. பின்னாலேயே ஆளும் வந்துவிட்டார். வைகுண்டராஜன். மஸ்கட்டில் கணக்கு வேலை. லீவில் வந்தவர் பீரோவில் எதையோ தேடப்போய், மனைவி நந்தனாவின் ஆபரேஷன் படிவ நகலைப் பார்த்திருக்கிறார்.

"நான் எம்.காம். மேடம். அங்க நாப்பது பேருக்கு சம்பளம் போட்டுக் கொடுக்கேன். என்னையப் போயி கைநாட்டாக்கி வச்சிருக்காவ!" என்று மேசையில் தட்டினார். அபினா பைலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆபரேஷன்ல உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று மேடம் கேட்டார்.

"அது வேற காரியம். முதல்ல இந்த விரல் யாருக்கதுன்னு எனக்குத் தெரியணும்."

நந்தனா அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். "மூணு பிள்ளையள் உண்டு மேடம்" என்று தொடங்கினாள். "நீ சும்மா இரி" என்றார். அவள் தலை குனியவில்லை. சுவரில் இருந்த எங்கள் கொள்கைப் பலகையைப் படித்துக்கொண்டே நின்றாள்.

மேடம் அங்கேயே ஆணை எழுதினார். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் நாற்பத்தொரு மூலப் படிவமும் மாவட்ட அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். உங்களுக்கும் ஆணை வந்திருக்கும். அவற்றைச் சரிபார்த்து என் அறிக்கையோடு இணைக்க வேண்டியது நான்தான். ஒவ்வொரு கணவருக்கும் ஆள்விட்டுக் கேட்கப் போகிறார்கள். ஷஹீர் இருபத்தெட்டாம் தேதி ஊருக்கு வருகிறார். இரண்டாவது பிள்ளையைப் பற்றி மாமி இப்போதே நாள் பார்க்கிற மாதிரிப் பேசுகிறார். நான் சிரித்துச் சமாளிக்கிறேன்.

உங்கள் வேலை போகுமோ என்றுதான் முதலில் பயந்தேன். அல்லாஹ் சாட்சி. ஆனால் நேற்றிலிருந்து வேறொன்றுதான் மனதில் ஓடுகிறது. எழுதக் கூசுகிறது. இருபத்தேழாவது படிவம் மட்டும் அந்தக் கட்டில் இல்லாமல் போக வழி உண்டா?

ஹஸீபா


அருமனை
22 ஜூன்

ஹஸீபா,

இரண்டு பக்கம் எழுதி, கேட்க வந்ததைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். நிலையத்தில் பெண்களும் அப்படித்தான். சளி, காய்ச்சல், கால்வலி எல்லாம் சொல்லி முடித்து, வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்துதான் உள்ளதைச் சொல்லுவார்கள். அதனால் கோபம் வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது.

இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது, பார். இருபத்தேழாவது படிவம். கட்டிலிருந்து நானே உருவி எடுத்தேன். எண் விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்டால் கரையான் தின்றது என்று சொல்லிக்கொள்கிறேன். இத்தனை பொய்க்குப் பிறகு கரையான் எனக்கு ஒரு பாரமா? கிழிப்பதோ, எரிப்பதோ, தலையணைக்கு அடியில் வைப்பதோ உன் பாடு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை நந்தனா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது, அழுது வீங்கியதுதான், வேறொன்றும் இல்லை என்று அவளே சொன்னாள். "சிஸ்டர், நான் அவர்கிட்ட சொல்லியாச்சு. விரல் யாருக்கதா இருந்தா என்ன, கேட்டது நானாக்கும்னு." "எதுக்குட்டி சொன்ன?" என்றேன். "பின்ன, உங்களை மட்டும் பிடிச்சுக் கொடுத்துட்டு நான் வீட்டுல சோறு பொங்கவா?" என்றாள்.

அவள் பத்தாவது தாண்டாதவள். நீ எம்.எஸ்.டபிள்யூ.

குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. ஆமாம், குத்திக்காட்டத்தான் செய்கிறேன். உன் மார்பு கட்டிய வலியை "உண்டு" என்று எழுதிவிட்டு வந்தவள் நீ. அதைப் படித்த அன்றே எனக்குப் பயம் வந்தது.

எனக்கு மெமோ வந்தாச்சு. விரல் கேட்பார்கள், கொடுப்பேன். நாற்பது பெண்கள் பெயரையும் என் வாயால் சொல்ல மாட்டேன். தம்பி நேசையன் வக்கீலைப் பார்க்கலாம் என்கிறான். பார்க்கலாம்.

நான் செய்தது தப்பில்லை என்று நீ எழுத வேண்டாம். தப்புதான். அந்த டாக்டர் செய்தது மட்டும் எங்கேயும் எழுதாமல் போய்விடக் கூடாது. அவ்வளவுதான்.

ராகேல்


கோட்டார்
3 ஜூலை

அக்கா,

எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன். முன்பே எழுதியிருந்தால் உங்களைச் சாட்டிப் பின்வாங்கியிருப்பேன்.

படிவத்தை நாலு நாள் பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்திருந்தேன். மாமி தொடாத இடம் அது ஒன்றுதான். அடுப்பு எரியும்போதெல்லாம் அதை நினைத்தேன்.

ஷஹீர் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமி ஒரு மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார். ஷஹீர் பெட்டியைப் பிரித்துப் பிள்ளைக்கு வாங்கிவந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் இரண்டு வயதுப் பிள்ளைக்கு உள்ள அளவு. "வளந்துருவால்லா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் படிவத்தை அவர் கையில் வைத்துவிட்டேன். முடிந்திருந்தால் வைத்திருக்க மாட்டேன்.

இரண்டு தடவை வாசித்தார். பிறகு தன் பெருவிரலை அந்த ரேகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எனக்க விரல்ல இந்த வெட்டு இல்லியே."

"இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டேன். வந்த பொறவு பேசலாம்னு சொன்னிய. அன்னைக்கு எனக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாவ."

"ரத்தம் ஏத்தினது என்கிட்ட யாரும் சொல்லலியே."

"எனக்க உம்மா சொல்ல வேண்டாம்னாவ. நீங்க அங்க தனியா கிடந்து பேடிப்பியன்னு."

அவர் எழுந்து வெளியே போனார். மாலை வரை வரவில்லை. அந்த நேரத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத மாட்டேன். திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். நேற்றுவரை என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேச்சு. ஆனால் திங்கள் காலையில் நான் படிவத்தைக் கைப்பையில் வைத்து அலுவலகத்துக்குக் கிளம்பியபோது, பைக்கை எடுத்து வெளியே நிறுத்தியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

உங்கள் நிலையத்திலிருந்து வந்த நாற்பதோடு இருபத்தேழாவதையும் அதன் இடத்தில் செருகினேன். பிறகு அறிக்கைக்கு நகல் எடுத்தேன். நாற்பது படிவங்களிலும் மனைவி பெயர், கணவர் பெயர் இரண்டின் மேலும் வெள்ளைத் தாள் துண்டு வைத்து மறைத்துத்தான் எடுத்தேன். அபினா ஒவ்வொன்றாகத் துண்டு நறுக்கித் தந்தாள், சிரிக்கவில்லை. என்னுடையதை மறைக்கவில்லை.

அறிக்கையில் எழுதியது இதுதான். கைநாட்டுகள் கணவன்மாருடையவை அல்ல, அவர்களிடம் ஆள்விட்டுக் கேட்கத் தேவையில்லை. வைத்தது தவறு. ஆனால் விதிப்படி அந்தக் கட்டத்தில் யாருடைய ஒப்பமும் இருந்திருக்கக் கூடாது. கேட்டவர் டாக்டர். அதை எண்ணி இருபது மதிப்பெண் கொடுத்தது நாங்கள். மற்ற பதினேழு நிலையங்களில் ஆண்களே உண்மையாக ஒப்பம் வைத்த படிவங்கள் அறுநூற்றுக்கு மேல். அங்கெல்லாம் ஒப்பம் கிடைக்காமல் திரும்பிப் போன பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. உங்கள் நிலையத்தில் ஒருத்தி இரண்டு தடவை திரும்பிப் போனாள், முதல் கைநாட்டுக்குப் பிறகு யாரும் திரும்பிப் போகவில்லை. இப்படித்தான் எழுதினேன். பாலூட்டும் அறையையும் திருத்தினேன்: "இல்லை. பிளீச்சிங் பவுடர்."

பெமிலா மேடம் என்னை நிற்கவைத்தே வாசித்தார். "நீ அங்க பெத்தவன்னு முதல்லயே சொல்லிருக்கணும் ஹஸீபா."

"சொல்லிருக்கணும் மேடம்."

"அந்த இருபது மார்க்குத் தலைப்பைத் தாள்ல சேத்தது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நான்" என்றார். அப்புறம் என் ஒப்பந்தத்தை அன்றோடு முடிப்பதாகக் கையெழுத்திட்டார். அடுத்து அறிக்கையிலும், ஒரு வரிகூட அடிக்காமல், கையெழுத்திட்டார்.

எனக்கு வேலை போயிற்று அக்கா. பிள்ளை என்னைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை கடைசி வரியில் ஒன்றும் ஒளிக்கவில்லை.

ஹஸீபா


அருமனை
23 ஜூலை

மக்கா ஹஸீபா,

இந்தத் தடவை தாமதம் என்னுடையது. சஸ்பென்ஷன் ஆணை பதினொன்றாம் தேதி வந்தது. விசாரணை முடியவில்லை. வேலை திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விரலை நாலு தாளில் உருட்டி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கிளார்க் பையன் விரலில் உள்ள வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இது பழைய வெட்டா சிஸ்டர்?" என்று கேட்டான். "உனக்கு வயசென்ன மக்கா? அதைவிடப் பழசு" என்றேன்.

வெறும் கையோடு வீட்டில் இருக்க முடியவில்லை. விடியக்காலம் நேசையனின் ரப்பர் தோட்டத்தில் நாற்பது மரத்தில் பால் வெட்டுகிறேன். கத்தி கைக்கு இன்னும் மறக்கவில்லை. நாற்பத்தொன்றாவது மரம் காற்றில் சாய்ந்து போயிற்றாம். கேட்டதும் எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது, தம்பி முழித்தான்.

ஷஹீர் பேசுகிறானா? பேசாவிட்டாலும் பைக்கை வெளியே எடுத்து நிறுத்தியவன்தானே. எனக்கு அவன்மேல் ஒரு மனக்குறை இருக்கிறது. அவனுக்கு என்மேல் ஒன்று. தம்மாமுக்குத் திரும்பிப் போகும் முன் வந்து நேரில் திட்டிவிட்டுப் போகச் சொல். கப்பைக் கிழங்கும் மீனும் வைத்துத் தருகிறேன். வாங்கித் தின்றுகொண்டே திட்டட்டும். அன்றைக்கு உனக்கு எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினோம் என்று நானே அவனுக்குச் சொல்கிறேன். அதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டிய ஆட்களில் நானும் ஒருத்தி.

நேற்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் விக்டோரியா ஓட்டமாக வந்தாள். மாவட்டத்திலிருந்து புதுப் படிவம் வந்திருக்கிறதாம். கணவர் என்ற கட்டமே அதில் இல்லையாம். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், பின்பக்கம் எங்காவது இருக்கிறதோ என்று.

முதல் ஆளாக ஒரு பெண் உள்ளே போயிருக்கிறாள். துணைக்கு ஆள் இல்லை. தனியாகவே வந்திருக்கிறாள். டாக்டர் வழக்கம்போல, "வீட்டுக்காரன் எங்க?" என்றாராம். "ரப்பர் வெட்டப் போயிருக்காரு. வரணுமா?" என்று அவள் கேட்டாளாம். அவர் படிவத்தை நீட்டினாராம். அவள் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினாளாம். நீளமான பெயர். வெளியே இன்னும் ஆறு பேர். டாக்டர் கையுறையைப் போட்டபடி, கையை மேலே தூக்கிக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றாராம்.

ராகேல்